குழிக்குள் என்ன நடக்கிறது?

வாசகர் கேள்வி – பதில்

இரட்டைக் குழிக் கழிப்பறை (ஒரு குழி நிறைந்ததும் அதை மூடி மட்கவிட்டு, மற்றதற்குத் திருப்பிவிடும் அமைப்பு) பற்றி வந்த கடிதங்களில் பத்துக்கு இங்கே பதில் தருகிறோம். கணக்குகள் எல்லாம் ஒரே அளவுக்குப் போடப்பட்டவை: குடும்பத்தில் ஐந்து பேர், குழியின் உள்விட்டம் 1 மீட்டர், பைப் வாய்க்குக் கீழே ஆழம் 1 மீட்டர். உங்கள் குழி வேறு அளவானால் அதே வழியில் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டில் ஐந்து பேர். மூன்று வருடமாகியும் முதல் குழி நிறையவில்லை. தினமும் போவதெல்லாம் எங்கே போகிறது? – வாசகி, மணப்பாறை

பெரும்பகுதி தண்ணீராக மண்ணுக்குள் இறங்குகிறது. ஒரு பகுதி வாயுவாகிப் போகிறது. மிச்சம்தான் குழியில் கிடக்கிறது.

ஒருவர் நாளைக்கு 300 கிராம் மலம் கழிப்பதாக வைத்துக்கொள்வோம். அரிசியும் தானியமும் காய்கறியும் நிறையச் சாப்பிடுகிற கிராமத்துக்கு இது இயல்பான அளவு. வருடத்துக்கு 110 கிலோ ஆகிறது. சிறுநீர் நாளைக்கு 1.2 லிட்டர் வீதம் சுமார் 440 லிட்டர். ஆக ஆளுக்கு 550 லிட்டர், கழுவி ஊற்றும் தண்ணீர் இதில் சேராது. ஆனால் வருட முடிவில் குழியில் கசடாக நிற்பது ஆளுக்கு 40 முதல் 45 லிட்டர்தான்.

மலத்தில் முக்கால் பங்கு தண்ணீர். அது முதலில் கசிந்து போய்விடும். மீதிக் கால் பங்கில் பாக்டீரியாவே கணிசமாக இருக்கிறது, உயிரோடும் செத்தும். அதோடு செரிக்காத நார், கொழுப்பு, புரதம், உப்புகள். இவற்றில் மட்கக்கூடியதை நுண்ணுயிர்கள் அடுக்கடுக்காகத் தின்கின்றன. மேலே புதிதாக விழுந்த அடுக்கில் காற்று படுகிறது. ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் நுண்ணுயிர்கள் அங்கே வேகமாக வேலை செய்யும். சற்றுக் கீழே போனால் ஆக்சிஜன் தீர்ந்துவிடுகிறது. அங்கே காற்றில்லாமல் வாழும் கூட்டம் மெதுவாக வேலையைத் தொடர்கிறது. ஒரு வகை பாக்டீரியா கொழுப்பையும் புரதத்தையும் கரையக்கூடிய துண்டுகளாக்குகிறது. அடுத்தது அத்துண்டுகளைப் புளிக்கவைத்து அமிலங்களாக்குகிறது. கடைசியில் வருபவை அந்த அமிலத்திலிருந்து மெத்தேனும் கரியமில வாயுவும் உண்டாக்குகின்றன. புரதத்தில் இருந்த கந்தகம் ஹைட்ரஜன் சல்ஃபைடாகவும் நைட்ரஜன் அம்மோனியாவாகவும் வெளியே வரும். அடிமட்டத்தில் கிடப்பது இதற்குமேல் தின்ன ஒன்றுமில்லாத பழைய கசடு: கடின நார், மணல், உப்பு.

உங்கள் குழியின் கொள்ளளவு 785 லிட்டர். ஐந்து பேருக்கு ஆளுக்கு 45 லிட்டர் என்றால் வருடத்துக்கு 225 லிட்டர் சேரும். மூன்றரை வருடத்தில் நிறையும். ஆகவே உங்கள் குழி சரியாகத்தான் வேலை செய்கிறது. ஏழெட்டு வருடம் ஆகியும் நிறையாமல் இருந்தால்தான் யோசிக்க வேண்டும். வீட்டில் பாதிப் பேர் இன்னும் வெளியே போகிறார்கள் என்று அர்த்தமாக இருக்கலாம், அல்லது குழியின் அடி பாறை வெடிப்பையோ நிலத்தடி நீரையோ தொட்டிருக்கலாம். இரண்டுமே நல்ல செய்தி இல்லை.

கரிசல் மண். ஐப்பசி, கார்த்திகையில் கழிப்பறைப் பேசினில் ஊற்றிய தண்ணீர் இறங்காமல் நிற்கிறது. கோடையில் ஒரு தொந்தரவும் இல்லை. குழி நிறைந்துவிட்டதா? – வாசகர், கோவில்பட்டி

நிறையவில்லை. தண்ணீர் வெளியேற வழியில்லாமல் நிற்கிறது.

ஐந்து பேர் வீட்டில் சிறுநீர், கழுவும் தண்ணீர், பேசினில் ஊற்றும் தண்ணீர் எல்லாம் சேர்ந்து ஆளுக்குச் சுமார் 10 லிட்டர், மொத்தம் 50 லிட்டர் தினமும் குழிக்குள் போகிறது. குழியின் அடிப்பகுதி சில மாதங்களிலேயே கசடு படிந்து அடைத்துக்கொள்ளும். அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, சுவர்தான் கணக்கு. சுவரின் வெளிவிட்டம் 1.2 மீட்டர் என்றால் மண்ணைத் தொடும் பரப்பு சுமார் 3.8 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டருக்கு மணல் நாளைக்கு 50 லிட்டர் வரை உறிஞ்சும். செம்மண் கலந்த இளக்கமான மண் 30 லிட்டர், களி 10 லிட்டர் அல்லது அதற்கும் குறைவு. உங்கள் மண்ணில் 38 லிட்டர்தான் இறங்கும், நீங்கள் ஊற்றுவதோ 50. கோடையில் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பதால் குறை தெரிவதில்லை. மழை விழுந்ததும் மண் ஊதி வெடிப்பெல்லாம் மூடிக்கொள்கிறது.

இதற்கு வழி, சுவருக்கு வெளியே ஒரு அடி அகலத்துக்கு மணலும் உடைத்த செங்கல்லும் கலந்த உறை போடுவது. வெளிவிட்டம் 1.8 மீட்டராகிப் பரப்பு 5.6 சதுர மீட்டருக்கு வந்துவிடும், 56 லிட்டர் இறங்கும். மண் ஊதும்போது சுவரை நெருக்காமல் இருக்கவும் இந்த உறை உதவும். ஆனால் பயன்பாட்டில் இருக்கும் குழியைச் சுற்றித் தோண்டாதீர்கள், சுவர் சரிந்துவிடும். சித்திரை வைகாசியில் காலியாக இருக்கும் இரண்டாவது குழிக்கு முதலில் உறை போட்டு, அதற்குத் திருப்பிவிடுங்கள். உறையின் மேல் ஒரு அடிக்குக் களிமண்ணை இடித்து நிரப்புங்கள், இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் அதன் வழியே நேராகக் குழிக்குள் இறங்கும். மூடி தரைமட்டத்திலிருந்து அரை அடியாவது உயர்ந்திருக்க வேண்டும்.

குளியலறைத் தண்ணீரையும் துணி துவைத்த தண்ணீரையும் இதே குழியில் விட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். விட்டிருந்தால் மேலே சொன்ன எந்தக் கணக்கும் நிற்காது. ஒரு குளியலுக்கு 20 லிட்டர் என்றாலும் ஐந்து பேருக்கு 100 லிட்டர் கூடிவிடும். சோப்பின் கொழுப்பு மண்ணின் துளைகளையும் அடைக்கும். அந்தத் தண்ணீரை வாழைக்கோ தனி உறிஞ்சு குழிக்கோ விடுங்கள்.

புதிதாகக் கட்டிய குழி இருபது நாளில் நிறைந்துவிட்டது. மண் நல்ல மணற்பாங்கு. கொத்தனார் "இன்னும் ஆழம் போட்டிருக்கணும்" என்கிறார். – வாசகர், திண்டிவனம்

உள்ளே எட்டிப் பாருங்கள். சுவரில் ஓட்டை இருக்கிறதா? அடியில் கான்கிரீட் போட்டிருக்கிறதா? "சுத்தமாக இருக்கட்டும்" என்று நினைத்து உள்பக்கம் பூசி, தரையும் போட்டு, உறிஞ்சு குழியை மூடிய தொட்டியாக்கிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. 785 லிட்டர் தொட்டியில் நாளைக்கு 50 லிட்டர் விழுந்தால் பதினாறாம் நாள் நிறையும். உங்கள் இருபது நாள் இதோடு ஒத்துப்போகிறது.

செங்கல் சுவரானால் ஒரு வரிசை முழுதாக, அடுத்த வரிசையில் கல்லுக்குக் கல் இரண்டு அங்குல இடைவெளி என்று மாற்றி மாற்றிக் கட்ட வேண்டும். பைப் நுழையும் மட்டத்துக்கு மேலே உள்ள சுமார் ஒரு அடி மட்டும் ஓட்டையில்லாமல் இருக்க வேண்டும். சிமெண்ட் உறை இறக்கினால் ஓட்டை விட்டு வார்த்த உறை வாங்குங்கள், உறைக்கு உறை இணைப்பைப் பூசாதீர்கள். அடியில் வெறும் மண். பூசிவிட்ட சுவரை உளியால் ஆங்காங்கே திறக்கலாம், தரை கான்கிரீட்டையும் உடைத்து எடுக்கலாம். ஆனால் முதலில் தண்ணீரை இறைக்கும் லாரியை அழைத்துக் காலி செய்து, பல நாள் திறந்துவைத்துக் காயவிட்ட பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். ஏன் என்பதைக் கடைசிப் பக்கத்தில் உள்ள பதிலில் சொல்லியிருக்கிறோம்.

ஆழம் கூட்டச் சொல்வது தவறான வைத்தியம். மேல்மண்ணில்தான் காற்றும் நுண்ணுயிரும் அதிகம், கசியும் நீரைச் சுத்தம் செய்வது அந்த மண்தான். பத்தடி போனால் நிலத்தடி நீரை நெருங்குகிறோம். கையால் மட்கை வெளியே எடுக்கவும் முடியாது. ஆள் அதிகமானால் அகலத்தைக் கூட்டுங்கள். மூன்று வருடம் தாங்க, பத்துப் பேருக்கு விட்டம் 1.1 மீட்டரும் ஆழம் 1.3 மீட்டரும் போதும். பதினைந்து பேருக்கு 1.3-க்கு 1.4 மீட்டர்.

ஒரு குழி நிறைந்தால் லாரி வைத்து எடுத்துக்கொள்ளலாமே. இரண்டாவது குழிக்கு ஏன் செலவு? – வாசகர், செஞ்சி

லாரி எடுப்பது பச்சைக் கசடு. நேற்று விழுந்ததும் மூன்று வருடத்துக்கு முன் விழுந்ததும் அதில் கலந்திருக்கும். நோய்க் கிருமியும் புழு முட்டையும் உயிரோடு வெளியே வரும். அது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போனால் சரி, ஓடைக்கோ வயலுக்கோ போனால் ஊருக்கே பரவும். இரண்டாவது குழி வாங்கித் தருவது அவகாசம். ஒன்று நிறைய மூன்று வருடம் ஆகும். அதற்குள் மற்றது மூடியே கிடந்து, புதிதாக ஒன்றும் விழாமல், முழுவதும் மட்கி முடிகிறது. பீகாரில் பிந்தேஷ்வர் பாடக் 1970-இல் தொடங்கிய சுலப் இயக்கம் இந்த அமைப்பைப் பரப்பியதன் நோக்கமே மனிதரின் மலத்தை மனிதர் அள்ளும் கொடுமையை ஒழிப்பதுதான்.

இரண்டு குழி கட்டியும் பயனில்லாமல் போகும் வீடுகள் உண்டு. பேசினிலிருந்து வரும் பைப் இரண்டு குழிக்கும் பிரியும் சிறு தொட்டியான சேம்பரில் இரண்டு பைப் வாயையும் திறந்தே விட்டிருப்பார்கள். இரண்டும் சேர்ந்து நிறையும், எதுவும் ஓய்வெடுக்காது. ஒரு வாய் எப்போதும் அடைத்திருக்க வேண்டும்.

திருப்பிவிடும் முறை சிறியது. பேசினில் ஊற்றும் தண்ணீர் தயங்கித் தயங்கி இறங்கத் தொடங்கும்போது சேம்பர் மூடியைத் திறங்கள். இரண்டாவது குழியின் வாயில் உள்ள அடைப்பை எடுத்து, ஒரு வாளி தண்ணீர் ஊற்றி அது தடையின்றி ஓடுகிறதா என்று பாருங்கள். பிறகு நிறைந்த குழியின் வாயில் செங்கல்லைக் கோணித்துணியில் சுற்றி வைத்து, மேலே சிமெண்ட் குறைவான கலவையை அப்புங்கள். நாளை எடுக்க வேண்டிய அடைப்பு என்பதால் கெட்டியாகப் பூசக் கூடாது. சேம்பர் மூடியையும் அதே கலவையால் ஒட்டுங்கள். மூடிய குழியின் மேல் தேதியை ஆணியால் கீறியோ பெயின்டால் எழுதியோ வையுங்கள். இந்தத் தேதி இல்லாததால் பாதி மட்கிய குழியைத் திறந்துவிடுகிறவர்கள் பலர்.

மூடி ஒன்றரை வருடம் ஆகிறது. மட்கிவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? எடுத்து எதற்குப் போடலாம்? – வாசகி, ஒட்டன்சத்திரம்

இன்னும் ஆறு மாதம் பொறுங்கள். நம் வெயிலில் ஒரு வருடத்திலேயே பெரும்பாலான கிருமிகள் செத்துவிடும் என்பது உண்மை. உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் 20 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் உலர்வாக வைத்திருந்தால் ஒரு வருடத்துக்கு மேல் வேண்டும் என்கிறது. ஆனால் நம் குழிகள் உலர்ந்தவை அல்ல, ஈரம் இருக்கிறது. உருண்டைப் புழுவின் முட்டை தடித்த ஓடு போட்டுக்கொண்டு ஈரத்தில் நீண்ட நாள் தாங்கும். ஒரு பெண் புழு நாளொன்றுக்கு இரண்டு லட்சம் முட்டைவரை இடும் என்பதால் சிறு பங்கு தப்பினாலும் அதிகம். இரண்டு வருடம் என்று வைத்துக்கொண்டால் கவலை இல்லை.

மூடியை ஒருபக்கமாக நகர்த்தி ஒரு நாள் முழுக்கத் திறந்து வையுங்கள். பிறகு நீண்ட கைப்பிடி உள்ள மண்வெட்டியால் மேலிருந்தே ஒரு அள்ளு எடுத்துப் பாருங்கள். காபித்தூள் நிறத்தில், பிடித்தால் உதிர்கிற மண்ணாக, மழை பெய்த தோட்டத்து வாசனையோடு இருந்தால் ஆயிற்று. குழகுழவென்றோ சாக்கடை நாற்றமாகவோ இருந்தால் மூடிவிடுங்கள். மேலே மட்கி அடியில் ஈரமாக இருப்பதும் உண்டு. அப்போது மேலே உள்ளதை மட்டும் எடுத்துவிட்டு அடியை வெயிலில் காயவிடலாம்.

எடுப்பதற்குப் பங்குனியிலிருந்து ஆடிவரை நல்ல காலம். கையுறையும் பூட்ஸும் போட்டுக்கொள்ளுங்கள். வெறுங்காலோடு நின்றால் கொக்கிப் புழு பாதம் வழியே ஏறக்கூடும். எடுத்ததை ஒரு மாதம் வெயிலில் பரப்பி, இடையிடையே கிளறிவிடுங்கள். தென்னை, மா, முருங்கை, வாழைக் குழிகளில் இரண்டு மூன்று கூடை போட்டு மண்ணால் மூடலாம். கீரை, கேரட், முள்ளங்கி, வெங்காயம், பச்சையாகத் தின்கிற எதற்கும் வேண்டாம்.

கூச்சமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது இயல்புதான். 2017 பிப்ரவரியில் தெலங்கானாவின் வாரங்கல் மாவட்டத்தில் உள்ள கங்கதேவிபள்ளியில், மத்திய குடிநீர், துப்புரவு அமைச்சகத்தின் செயலாளராக இருந்த பரமேஸ்வரன் ஐயரே இப்படியொரு மட்கிய குழிக்குள் இறங்கி உரத்தைக் கையால் எடுத்துக் காட்டினார். முழுதாக மட்கிய பிறகு அது மலம் இல்லை, மண்.

கடையில் பாக்டீரியாப் பொடி விற்கிறார்கள். மாதம் ஒரு பாக்கெட் போட்டால் குழி நிறையவே நிறையாதாம். – வாசகர், தாராபுரம்

வாங்காதீர்கள். ஒரு கிராம் மலத்திலேயே பல்லாயிரம் கோடி பாக்டீரியா இருக்கிறது. பாக்கெட்டில் வருவது கடலில் கரைத்த பெருங்காயம். தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டர்பன் பகுதிக் குழிகளில் இத்தகைய பொடிகளைப் போட்டும் போடாமலும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நிறையும் வேகத்தில் சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடு இல்லை. பொடி போட்டதும் மட்டம் இறங்கியதாகத் தெரிவது பெரும்பாலும் கூடவே ஊற்றிய தண்ணீர் கசடைக் கரைத்துப் பரப்புவதால்தான். ஈஸ்ட், வெல்லம், புளித்த மாவு போட்டால் நுரைத்துக்கொண்டு மேலே வரும், அவ்வளவே. புதுக்குழியில் ஒரு வாளி சாணிக் கரைசல் ஊற்றுகிறார்கள். தீங்கில்லை, தேவையுமில்லை.

பினாயில், ஆசிட் ஊற்றலாமா? நாப்கின் போடலாமா? – பல வாசகிகள்

பேசின் கழுவ வாரத்துக்கு ஒருமுறை ஒரு மூடி பினாயில் போதும், குழிக்குள் போவதற்குள் நீர்த்துவிடும். பாட்டில் கணக்கில் ஊற்றினால் மட்கவைக்கும் உயிரைக் கொல்கிறீர்கள். ஆசிடும் பிளீச்சிங் பவுடரும் அப்படித்தான். அந்த வாரங்களில் நாற்றம் கூடுவதை நீங்களே கவனிக்கலாம்.

நாப்கின் வேண்டவே வேண்டாம். அதில் உள்ள பிளாஸ்டிக் தாளும் தண்ணீர் இழுக்கும் பொடியும் மட்காது. ஊதிப் பெருத்து டிராப்பை (பேசினுக்குக் கீழே தண்ணீர் தேங்கி நிற்கும் வளைந்த குழாயை) அடைக்கும், இல்லாவிட்டால் இரண்டு வருடம் கழித்து உரத்தில் அப்படியே வரும். டயப்பர், முடி, குட்கா உறை, பழந்துணி எல்லாம் இதே கணக்கு. கழிப்பறைக்குள் மூடியுள்ள ஒரு வாளி வைத்துவிட்டால் பெண் பிள்ளைகள் வேறு வழியின்றிக் குழியில் போடும் நிலை வராது. அந்த வாளிக்கு ஆகும் செலவைக் கட்டும்போதே சேர்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வளவில் கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையில் 30 அடிதான். தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கிறது. குடிக்கலாமா? – வாசகர், வலிகாமம், யாழ்ப்பாணம்

கொதிக்கவைக்காமல் குடிக்க வேண்டாம். கொதிக்கவைத்தாலும் தீராத ஒரு தொல்லை இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறோம்.

நுண்மணலோ வண்டலோ உள்ள நிலத்தில், குழியின் அடிக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே 2 மீட்டர் நனையாத மண் எப்போதும் இருந்தால் 10 மீட்டர் தூரம் பெரும்பாலும் போதும். கசியும் நீர் மண்துகள்களுக்கிடையே மெதுவாக இறங்கும்போது கிருமிகள் வடிகட்டப்பட்டுச் சாகின்றன. உங்கள் யாழ்ப்பாணத்து நிலம் வேறு. மேல்மண் மெல்லிசு, அடியில் சுண்ணாம்புப் பாறை. அதில் வெடிப்பும் பொந்தும் நிறைய. குழியின் தண்ணீர் வெடிப்பில் விழுந்துவிட்டால் வடிகட்ட மண்ணே இல்லை, ஓடிவந்து கிணற்றில் சேர்ந்துவிடும். அங்கே 30 அடியும் 60 அடியும் ஏறக்குறைய ஒன்றுதான். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கடும்பாறை வெடிப்புகளுக்கும் இது பொருந்தும். இத்தகைய இடத்தில் குழியைச் சுற்றி அரை மீட்டர் தடிப்புக்கு நுண்மணல் உறை போட்டு, அடியைக் களிமண்ணாலோ கான்கிரீட்டாலோ அடைத்து, தண்ணீர் பக்கவாட்டு மணல் வழியாக மட்டும் வெளியேறும்படி செய்ய வேண்டும். அதற்கு இடமில்லையென்றால் ஒழுகாத தொட்டிதான் வழி.

தீராத தொல்லை நைட்ரேட். சிறுநீரின் யூரியாவும் மலத்தின் புரதமும் அம்மோனியாவாகி, மண்ணில் காற்றோடு சேர்ந்து நைட்ரேட் ஆகின்றன. மண் அதைப் பிடித்துவைக்காது, கொதிக்கவைத்தால் போகாது, நீர் வற்றி அடர்த்திதான் கூடும். நிறமும் மணமும் இல்லை. வலிகாமத்துக் கிணறுகளில் உரத்தாலும் குழிகளாலும் நைட்ரேட் கூடியிருப்பது பல ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. இந்தியத் தர அளவு லிட்டருக்கு 45 மில்லிகிராம். கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்க இந்தத் தண்ணீரைச் சோதிக்காமல் எடுக்கவே கூடாது. குழந்தையின் இரத்தம் ஆக்சிஜன் சுமக்க முடியாமல் உடல் நீலம் பாரிக்கும். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் தண்ணீரைச் சோதித்துக்கொள்ளலாம்.

நாகப்பட்டினத்திலிருந்து எழுதிய வாசகருக்கும் இங்கேயே: மழைக்காலத்தில் மூன்றடியில் தண்ணீர் ஊறும் ஊரில் குழியைப் பாதி தரைக்கு மேலே கட்டிச் சுற்றி மண் அணையுங்கள். கழிப்பறைத் தரையும் அதற்கேற்ப உயர வேண்டும். படி இரண்டு கூடும், வயதானவர் பிடித்து ஏறக் கைப்பிடி வையுங்கள்.

நாற்றமும் கொசுவும் தாங்கவில்லை. வென்ட் பைப் வைத்தால் சரியாகுமா? – வாசகி, அரியலூர்

இரட்டைக் குழிக்கு வென்ட் பைப் (வாயு வெளியேற வைக்கும் உயரமான குழாய்) தேவையில்லை. வாயு சுவர் ஓட்டை வழியே மண்ணுக்குள் பரவி அங்கேயே அடங்கும். நாற்றம் வீட்டுக்குள் வருகிறது என்றால் டிராப்பைப் பாருங்கள். கிராமப்புறப் பேசினில் 20 மில்லிமீட்டர் தண்ணீர் எப்போதும் நின்று வாயுவைத் தடுக்க வேண்டும். டிராப் சாய்வாகப் பொருத்தப்பட்டாலோ விரிசல் விட்டாலோ அந்தத் தண்ணீர் நிற்காது. டிராப்பே இல்லாமல் பைப்பை நேராக இணைத்துவிடுவதும் நடக்கிறது. அடுத்து சேம்பர் மூடியின் விளிம்பு, குழி மூடியின் விளிம்பு. ஒரு விரல் இடைவெளி போதும், கொசு இறங்கி முட்டையிட. யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுவுக்கு இப்படிப்பட்ட அழுக்குத் தண்ணீர்தான் பிடித்த இடம்.

வென்ட் பைப் அவசியமாவது தண்ணீர் ஊற்றாத உலர் குழிகளுக்கு. ஜிம்பாப்வேயில் 1970-களில் உருவான பிளேர் கழிப்பறையில் உயரமான பைப் நாற்றத்தை மேலே இழுத்துவிடும். உள்ளே இருட்டாக இருப்பதால் ஈக்கள் வெளிச்சம் தெரியும் பைப் வழியே ஏறி, உச்சியில் உள்ள வலையில் மாட்டும். நம் ஊரில் செப்டிக் டேங்க் வைத்திருப்பவர்கள் பைப் உச்சியில் நைலான் வலை கட்ட மறந்தால் அதுவே கொசு வாசலாகிவிடும்.

சான்சிபாரின் மக்குண்டுச்சியில் 1988-இல் குழிகளில் தெர்மாகோல் மணிகளை மிதக்கவிட்டுக் கொசுவை ஒடுக்கினார்கள். தண்ணீர்மேல் மணிகள் மூடிக்கொள்வதால் புழு மூச்சுவிட முடியாது. நல்ல வழிதான். ஆனால் உரம் எடுக்கப்போகும் இரட்டைக் குழியில் வேண்டாம், மணிகள் தோட்டத்துக்கு வந்துவிடும். மண்ணெண்ணெயும் வேண்டாம்.

எங்கள் பழைய குழி பன்னிரண்டு அடி. அடைப்பு எடுக்க ஆள் இறங்கத் தயார் என்கிறார். இறக்கலாமா? – வாசகர், ஆம்பூர்

இறக்கக் கூடாது. காசு எவ்வளவு கேட்டாலும், அவரே முன்வந்தாலும் கூடாது.

முதல் பதிலில் சொன்ன ஹைட்ரஜன் சல்ஃபைட் காற்றைவிடக் கனமானது, ஆழமான குழியின் அடியில் தேங்கும். கசடைக் கிளறியதும் அதில் அடைந்திருந்த வாயு ஒரேயடியாக வெளியேறும். தொடக்கத்தில் அழுகிய முட்டை நாற்றம் தெரியும். பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவுக்கு ஏறியதும் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. ஐந்நூறைத் தாண்டினால் சில நிமிடத்தில் மயக்கம், தொடர்ந்து மரணம். தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது இதற்குச் சோதனையாகாது, மெத்தேன் இருந்தால் வெடிக்கும்.

உறவினர் விழுந்தார் என்று அடுத்தவர் குதித்து, அவரைத் தூக்க மூன்றாமவர் குதித்து, ஒரே குழியில் மூன்று உயிர் போன செய்திகளை நாம் ஒவ்வொரு வருடமும் படிக்கிறோம். யாராவது விழுந்துவிட்டால் பின்னாலேயே இறங்காதீர்கள். 101-க்கும் 108-க்கும் அழையுங்கள். மூடிகளையெல்லாம் திறந்துவிடுங்கள். கயிறு பிடிக்கும் நிலையில் அவர் இருந்தால் மேலிருந்து கயிறு விடுங்கள். மூச்சுக்கருவி உள்ள தீயணைப்பு வீரர்தான் இறங்க வேண்டும்.

மனிதர் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்பில்லாமல் ஒருவரைச் செப்டிக் டேங்கிலோ சாக்கடையிலோ இறக்குபவருக்கு முதல் குற்றத்துக்கே இரண்டு வருடம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சாக்கடை மரணங்களுக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்த்தியது. அடைப்பு பெரும்பாலும் குழியில் இருப்பதில்லை, பைப்பிலோ டிராப்பிலோதான் இருக்கும். மேலிருந்தே நீளமான மூங்கில் பிளாச்சால் தள்ளிப் பாருங்கள். போகவில்லையென்றால் உறிஞ்சும் லாரியை அழையுங்கள். குழி காலியானதும் அதை மண் நிரப்பி மூடிவிட்டு, ஒரு மீட்டர் ஆழத்தில் இரண்டு குழி போடுங்கள். இரண்டுக்கும் இடையே ஒரு மீட்டராவது மண் இருக்கட்டும், இல்லாவிட்டால் ஓடுகிற குழியின் தண்ணீர் ஓய்வெடுக்கும் குழிக்குள் கசியும்.